மூன்று பட்டங்களும் ஒரு கலைப்பும்

நெதர்லாந்தில் பெண்களுக்கான எரெடிவிசி காற்பந்து லீக் 2007-இல் தொடங்கியது. 2008, 2009, 2010 என அதன் முதல் மூன்று பட்டங்களையும் வென்றது அல்க்மார் நகரின் ஏ.இசட். கழக அணி. 2011-இல் கழகமே அவ்வணியைக் கலைத்துவிட்டது. சொல்லப்பட்ட காரணம், பணமுடை.

முடை பொய்யன்று. புரவலராயிருந்த டி.எஸ்.பி. வங்கி 2009 அக்டோபரில் திவாலாயிற்று. ஆயின் வங்கியைக் கவிழ்த்தவர்கள் பந்தாடிய பெண்களா? ஆண்கள் அணி தொடர்ந்தது. வென்றுகொண்டிருந்த பெண்கள் அணி செலவுக் கணக்கில் அடிக்கப்பட்டது. இதைச் சிக்கனம் என்றழைக்க நாம் உடன்படோம்.

'பார்க்க ஆளில்லை, சந்தையின் தீர்ப்பு' என்பார் உளர். அந்நாட்டுக் காற்பந்துச் சங்கம் 1971 வரை பெண்கள் ஆட்டத்தை அங்கீகரிக்கவே இல்லை. நாற்றங்காலுக்கு நீர் மறுத்துவிட்டு, விளைச்சல் இல்லையென்று நிலத்தைப் பழிப்பது என்ன நியாயம்? 2017-இல் என்ஸ்கெடே நகரில் டென்மார்க்கை 4-2 என வென்று அந்நாட்டுப் பெண்கள் ஐரோப்பியக் கோப்பையை ஏந்தினர். அரங்கு நிறைந்திருந்தது.

2023-இல் வி.வி. அல்க்மார் என்னும் பெண்கள் அணியை ஏற்று ஏ.இசட். திரும்பி வந்தது. வரவேற்போம். எனினும் நாம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: அடுத்த முடை வரும்போது இவ்வணி வீட்டுப் பிள்ளையா, விருந்தாளியா?