கொழுப்பு என்னும் வசைச்சொல்

சென்ற ஆண்டு மூச்சுத் திணறலுக்காக ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். (பெயர் எதற்கு? எங்கும் நடப்பதுதான்.) எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறியதும் முள் கடைசி எண்ணான 120ஐத் தாண்டி, முட்டிக்கொண்டு நின்றது. "இதுல இதுக்கு மேல காட்டாது சார். ஹார்பர் பக்கம் லாரிக்கு எடை போடுவாங்கல்ல, அங்க ஏறிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார் செவிலியர். அவர் கேலி செய்யவில்லை, வழிதான் சொன்னார். திருவொற்றியூருக்கு வடக்கே ஒரு சரக்குப்பெட்டக நிலையத்தில் எடைமேடைச் சீட்டு பதிகிற வேலை பார்ப்பவன் நான் என்பது அவருக்குத் தெரியாது. அன்றிரவு ஷிப்டில், இரண்டு டிரெய்லர்களுக்கு இடையே கிடைத்த இடைவெளியில் மேடையேறி நின்றேன். அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். 160 என்றது. எனக்கு நானே சீட்டு அடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மருத்துவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பைத் தொடாமலேயே, எடையைக் குறைத்தால் எல்லாம் சரியாகும் என்று எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து வேறொருவர் என் மார்பில் கருவியை வைத்துக் கேட்டார். ஆஸ்துமா. பிறந்ததிலிருந்து எண்ணூர்க் காற்றைச் சுவாசிப்பவனுக்கு அது வந்ததில் என்ன வியப்பு?

வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. எங்கள் பகுதியில் ஒருவர் இருமினால் ஆலையைக் குற்றம் சொல்கிறோம். தோலில் படை வந்தால் முகத்துவாரத்துச் சாம்பலைக் குற்றம் சொல்கிறோம்; மனு எழுதுகிறோம், மறியல் செய்கிறோம். அதே தெருவில் ஒருவர் பருத்தால் மட்டும் குற்றவாளி அவரே. அவருடைய வாய், அவருடைய சோம்பல். சூழலின் விளைவு என்று எதையும் பேசத் தெரிந்த முற்போக்காளரும் என் வயிற்றுக்கு முன் வந்ததும் அறநெறி ஆசிரியராகிவிடுகிறார்.

தமிழே இதற்கு உடந்தை. கொழுப்பு என்ற ஒரே சொல் உடலில் சேர்வதையும் குறிக்கிறது, திமிரையும் குறிக்கிறது. "கொழுத்துப் போய்விட்டான்" என்றால் அவன் எடையைச் சொல்கிறோமா, ஆணவத்தைச் சொல்கிறோமா? தின்று கொழுத்தவன் என்பது பிறன் சோற்றைப் பறித்தவனுக்கான பெயர். தொழிற்சங்கச் சுவர்களில் அரைநூற்றாண்டாக வரையப்படும் முதலாளிக்குத் தொப்பை உண்டு, தொழிலாளிக்கு விலா எலும்பு உண்டு. அந்தப் படம் வரையப்பட்ட காலத்தில் அது உண்மையாக இருந்திருக்கலாம். இன்று எங்கள் வாயிலுக்கு வந்து பாருங்கள். முதலாளி விடிகாலையில் கடற்கரையில் ஓடிவிட்டு, வயிறு ஒட்ட வந்து காரிலிருந்து இறங்குகிறார். பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியிலோ ஸ்டியரிங்கிலோ கிடந்து, நள்ளிரவில் கிடைக்கும் ஒரே உணவான பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துத் தின்கிற ஒப்பந்தத் தொழிலாளிக்குத்தான் தொப்பை. நம் கேலிச்சித்திரம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. வரைந்தவர்கள் கவனிக்கவில்லை.

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகையெடை கொண்டவர்கள். அதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் இவை 30.9, 28.2. ஐந்தாறு ஆண்டுகளில் தமிழர் திடீரென்று ஒழுக்கம் கெட்டுவிட்டார்களா? ரேஷனில் அரிசி இலவசம், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அது வேண்டும், பசியை ஒழித்த திட்டம் அது. ஆனால் காயும் பழமும் அந்த விலைக்கு வருவதில்லை. நடக்கலாமே என்பார்கள். எண்ணூர் விரைவுச்சாலையில் டிரெய்லர்களுக்கும் கடற்கல்லுக்கும் நடுவே எங்கே நடப்பது என்று அவர்களே ஒருநாள் வந்து காட்டட்டும்.

சூழல் ஒருபுறம் இருக்க, ஒரே சோற்றை உண்ணும் ஒரே வீட்டில் என் தம்பி 64 கிலோ. இதற்கு விடை மன உறுதியில் இல்லை. கொழுப்புத் திசுவில் சுரந்து, போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற இயக்குநீரை 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் கண்டறிந்தனர். 1997இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இரு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். எட்டு வயதுச் சிறுமி 86 கிலோ. அவளுடைய உறவுக்காரக் குழந்தை இரண்டே வயதில் 29 கிலோ. இருவருக்கும் பிறவியிலேயே லெப்டின் இல்லை. பின்னர் அதை ஊசியாகச் செலுத்தியதும் அச்சிறுமியின் பசி அடங்கியது, எடை இறங்கியது. அதுவரை அவளுடைய தாய்க்கு என்னவெல்லாம் அறிவுரை கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். மிக அரிய குறைபாடு அது, எனக்கு இல்லை. ஆனால் பசியும் ஓர் உறுப்பின் வேலை என்பதை அது காட்டிவிட்டது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறாண்டுகள் கழித்துச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வு இன்னொன்றைச் சொன்னது: பெரும்பாலோருக்கு எடை திரும்பியிருந்தது, ஆனால் அவர்களுடைய உடல் ஓய்வில் எரிக்கும் ஆற்றல், இருக்கவேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே நின்றுவிட்டது. நானும் இருமுறை முப்பது கிலோ குறைத்தவன்தான். அப்போது கைதட்டியவர்கள், திரும்பியபோது துரோகியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

எழுதுகிறவர்களாவது வேறுவிதமாகப் பார்ப்பார்கள் என்று நம்பியிருந்தேன். 2017 பிப்ரவரியில், மும்பை மாநகராட்சித் தேர்தல் நாளில், பருத்த காவலர் ஒருவரின் படத்தைப் போட்டு 'கனமான' காவல் ஏற்பாடு என்று ட்விட்டரில் சிலேடை செய்தவர் எழுத்தாளர் ஷோபா டே. அவர் மத்தியப் பிரதேசத்து ஆய்வாளர். 1993இல் நடந்த பித்தப்பை அறுவைக்குப் பின் வந்த கோளாறு இது என்று அவரே சொல்ல வேண்டியதாயிற்று. கேலிக்குள்ளானவர்தான் மருத்துவச் சான்று காட்டவேண்டும் என்பது என்ன நீதி? நோயே இல்லாமல் வெறுமனே பருத்திருந்தால் சிரித்தது சரியாகிவிடுமா?

தமிழ் இலக்கியத்துக்கு வருவோம். 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பையொட்டி எழுந்த கூச்சலில், உடலை எழுதும் உரிமைக்காக நின்றவர்களில் நானும் ஒருவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக உடல் அரசியல் பேசுகிறோம். அந்த உடல்களில் என்னுடையது எங்கே? நம் புனைகதையில் பருத்தவர் கந்துவட்டிக்காரராகவோ, குறட்டை விடும் கணவராகவோ, ஒரு வரி நகைச்சுவையாகவோதான் வருகிறார். அவருக்கு அகம் கிடையாது. திரையில் நிலைமை இன்னும் எளிது; 'குண்டு' என்பதையே பெயரின் முன்னொட்டாக்கிவிட்டால் வசனம்கூட எழுதவேண்டியதில்லை. 2025 மார்ச்சில் மறைந்த பிந்து கோஷ் தேர்ந்த நடனக் கலைஞர் என்பது எத்தனை பேர் நினைவில் இருக்கிறது?

ராயபுரத்தில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில் என் பிளாஸ்டிக் நாற்காலி உடைந்தது. விழுந்தேன். மேடையில் இருந்த நாவலாசிரியர், "இவ்வளவு கனமான வாசகர் எனக்கு இருப்பது தெரியாமல் போயிற்றே" என்றார். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன், அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

இந்தப் பார்வை உயிரையும் வாங்கும். 2024 ஏப்ரலில் பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்பு அறுவைக்குப் போன 26 வயது புதுச்சேரி இளைஞர் இறந்தார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. எங்கள் அலுவலகத்தில் அன்று பேசப்பட்டதோ மருத்துவமனையைப் பற்றியல்ல. "வாயைக் கட்டியிருந்தா இது தேவையா?" இறந்தும் அவர் பதில் சொல்லவேண்டியிருந்தது.

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். பெரியகுப்பம் அருகே உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிந்தது, தொண்டை அடைத்தது, மொத்தக் குப்பமும் தெருவில் ஓடியது. மனைவியையும் மகளையும் தம்பியின் வண்டியில் அனுப்பிவிட்டு ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு நடந்தேன். இரண்டு ஷேர் ஆட்டோக்கள் என் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, என்னைப் பார்த்ததும் மீண்டும் வேகமெடுத்தன. ஓட்டுநர்களின் கணக்கு புரிகிறது: என் ஒருவன் இடத்தில் மூன்று பேர். பக்கத்து வீட்டு ஆயாவை நான்கு இளைஞர்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவன் திரும்பி, "அண்ணே, சீக்கிரம் வாண்ணே" என்று கத்தினான். அந்த இரவில் என்னைக் கூப்பிட்ட ஒரே குரல் அது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கும் வருவேன். நாற்காலிகளை எடுத்துவிட வேண்டாம். சுவரோரம் கை இல்லாத மரப் பெஞ்சு ஒன்று கிடந்தால் போதும். மாடிக்குப் பதிலாகக் கீழ்த்தளத்தில் வைத்தால், வாசலில் மூச்சு வாங்க நிற்காமல் முதல் உரையிலிருந்தே கேட்பேன்.