சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா... வலிப்பு இருக்கா?

மெடிக்கல் ஷாப்புக்குப் போய் "சளி, உடம்பு வலி, ரெண்டு வேளைக்குக் குடுங்க"ன்னு கேட்டா என்ன நடக்கும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். கடைப்பையன் டிராயரை இழுப்பார். மூணு அட்டையைக் கத்தரிக்கோலால வெட்டுவார். சின்னக் கவர்ல போட்டு, "சாப்பாட்டுக்கு அப்புறம்"னு சொல்லி நீட்டுவார். கொஞ்சம் அக்கறையான கடைன்னா "சுகர், பிரஷர் இருக்கா?"ன்னு ஒரு கேள்வி. அவ்வளவுதான், வைத்தியம் முடிஞ்சுது.

பெரும்பாலானவங்களுக்கு இதனால ஒண்ணும் ஆகிடாது. ஆனா வலிப்பு நோய்க்குத் தினமும் மாத்திரை சாப்பிடுற ஒருத்தருக்கு, அந்தக் கவர்ல இருக்கிற ஏதோ ஒண்ணு ஒத்துக்காம போகலாம். கடைக்காரர் அதைக் கேட்க மாட்டார். இவரும் சொல்ல மாட்டார். இவர் ஏன் சொல்ல மாட்டேங்கறார்? எனக்கு அதுதான் பெரிய விஷயமாப் படுது. வலிப்புன்னு வாயைத் திறந்து சொல்லக் கூசுற வரைக்கும், எந்த மருந்து எதோட சேரும்னு எவ்வளவு எழுதினாலும் பிரயோஜனம் இல்லைங்கறது என் கருத்து.

முதல்ல மருந்து விஷயத்தைப் பார்த்துடுவோம்.

1. பாராசிட்டமால்: காய்ச்சல், தலைவலி, உடம்பு வலிக்கு வலிப்பு நோயாளிகளுக்கும் பொதுவா முதல்ல சொல்றது இதைத்தான். அளவுக்குள்ள சாப்பிட்டா பயமில்லை. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் உச்ச வரம்பு, அதாவது 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு. அதையும் தொட வேண்டியதில்லை. ஃபெனிட்டாயின் (எப்டாயின்), கார்பமாசெபின் (டெக்ரிடால்), பீனோபார்பிட்டோன் (கார்டினால்) மாதிரி பழைய வலிப்பு மருந்துகள் கல்லீரலை வேகமா வேலை செய்ய வைக்கும். அதனால பாராசிட்டமால்ல இருந்து வர்ற நச்சுப் பொருள் கொஞ்சம் கூடுதலா உண்டாகும். ரெண்டு மூணு நாள்னா சரி. வாரக்கணக்குல போனாலோ, கூடவே குடிப்பழக்கம் இருந்தாலோ டாக்டரைக் கேட்டே ஆகணும். இன்னொண்ணு, சளி மாத்திரை பலதுக்குள்ளயும் பாராசிட்டமால் ஒளிஞ்சிருக்கும். காய்ச்சலுக்கு ஒண்ணு, சளிக்கு ஒண்ணுன்னு போட்டா ஒரே மருந்தை ரெண்டு தடவை போட்ட மாதிரிதான்.

2. டிரமடால்: இதுதான் வில்லன். பல் பிடுங்கினா, முதுகு பிடிச்சுக்கிட்டா, பாராசிட்டமாலோட இதையும் சேர்த்த மாத்திரை சர்வசாதாரணமாக் கொடுக்கறாங்க. வலிப்பே வராதவங்களுக்குக்கூட அதிக அளவுல வலிப்பை வரவழைக்கக் கூடிய மருந்து இது. போதைப்பொருள் சட்டத்துக்குக் கீழ இதை 2018-ல கொண்டு வந்தாங்க. சீட்டு இல்லாமக் கொடுக்கக் கூடாது. வலிப்பு உள்ளவங்க இந்தப் பேரை மனப்பாடம் பண்ணி வச்சுக்கறது நல்லது.

3. ஆஸ்பிரின்: வால்ப்ரோயேட் (வால்பாரின், என்கோரேட்) சாப்பிடுறவங்களுக்கு இது சிக்கல். ரத்தத்துல புரதத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கிற வால்ப்ரோயேட்டை ஆஸ்பிரின் தள்ளி விட்டுடும், உடம்பு அதைக் கழிக்கறதையும் தாமதப்படுத்தும். தூக்கம், கை நடுக்கம், தள்ளாட்டம்னு வரலாம். ரத்தம் உறையறதையும் ரெண்டுமே பாதிக்கும். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுறவங்க இதைப் படிச்சுட்டு நிறுத்திடாதீங்க, புண்ணியமாப் போகும். ரெண்டு டாக்டருக்கும் ரெண்டு மருந்தும் தெரியணும், அவ்வளவுதான்.

4. மெஃபனாமிக் ஆசிட்: பேர் தெரியாட்டியும் மாத்திரை எல்லாப் பொண்ணுங்களுக்கும் தெரியும். மாதவிலக்கு வலிக்கு மெஃப்டால்னு வாங்குறது. அளவு மீறினா வலிப்பு வரும்னு நல்லாவே தெரிஞ்ச மருந்து. வலிப்பு உள்ளவங்களுக்கு ஜாக்கிரதையாக் கொடுக்கணும்னு எச்சரிக்கையும் உண்டு. "வலி தாங்கலை"ன்னு ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டுக்கற பழக்கம்தான் இதுல பயம்.

5. சளி மாத்திரை: தூக்கம் வர வைக்கிற பழைய வகை அலர்ஜி மருந்துகள் (குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின்) வலிப்புக்கான வாசலைக் கொஞ்சம் தாழ்த்தி விடும். குழந்தைகளுக்கும், அளவு கூடும்போதும் இது அதிகம். கார்டினால் சாப்பிடுறவங்களுக்குத் தூக்கத்தோட தூக்கம் சேர்ந்து ஆளையே சாய்ச்சுடும். வலிப்பு இருக்குன்னு தெரிஞ்சா டாக்டர் தூக்கம் அதிகம் வராத வேற வகையைப் பார்த்து எழுதுவார். தெரிஞ்சாத்தானே?

6. நீலகிரித் தைலம்: இதை நம்ப மாட்டீங்க. சளின்னா வெந்நீர்ல நாலு சொட்டுத் தைலம் விட்டுப் போர்வையைப் போத்திக்கிட்டு ஆவி பிடிக்கிறது நம்ம வீட்டு வைத்தியம். யூகலிப்டஸ் தைலத்தை முகர்ந்ததால வலிப்பு வந்தவங்களைப் பத்தி பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் 2017-ல ஆய்விதழ்லயே எழுதியிருக்காங்க. கற்பூரமும் அதே ஜாதி. குழந்தைக்கு மூக்கடைப்புன்னு கற்பூரத்தை எண்ணெய்ல காய்ச்சித் தேய்க்கிற பாட்டிகள் கவனிக்கணும். வலிப்பு இருக்கிற வீட்ல வெறும் வெந்நீர் ஆவி போதும்.

7. ஆன்டிபயாடிக்: சளிக்கு இது தேவையே இல்லைன்னு டாக்டர்கள் கத்திக்கிட்டு இருக்காங்க, நாம வாங்கிக்கிட்டு இருக்கோம். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ரெண்டும் கார்பமாசெபின் அளவை ரத்தத்துல ஏத்தி விட்டுடும். பார்வை ரெண்டாத் தெரியும், நடை தள்ளாடும். சிப்ரோஃப்ளாக்சசின் வலிப்பையே தூண்டலாம்.

இதையெல்லாம் படிச்சுட்டு "அய்யோ, எதுவும் வேணாம், பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடறேன்"னு முடிவு பண்ணினா அதுவும் தப்பு. காய்ச்சலும் தூக்கம் கெடுறதும் தானாவே வலிப்பைக் கொண்டு வரும். அதை விட மோசம், "ரெண்டு மருந்து சேரக் கூடாதாம்"னு நினைச்சு வலிப்பு மாத்திரையை ரெண்டு நாள் நிறுத்துறது. திடீர்னு நிறுத்தினா விடாம வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சளி மாத்திரையை விடலாம். வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது.

சரி, இப்ப என் ஆதங்கத்துக்கு வர்றேன்.

எங்க சொந்தத்துல ஒரு பொண்ணு. எப்டாயின் சாப்பிடுறா. கல்யாணத்துக்கு முன்னாடியே வலிப்பு நின்னு மூணு வருஷம் ஆச்சு. "மாப்பிள்ளை வீட்ல மூச்சு விடக் கூடாது"ன்னு பெத்தவங்க சத்தியம் வாங்கிட்டாங்க. மாத்திரை வைட்டமின் டப்பாவுக்குள்ள இருக்கும். ஒரு நாள் கடைவாய்ப் பல் பிடுங்கப் போனா. "வேற ஏதாவது வியாதி, மாத்திரை?"ன்னு பல் டாக்டர் கேட்டிருக்கார். பக்கத்துல மாமியார். "ஒண்ணும் இல்லைங்க"ன்னு சொல்லிட்டா. வேற என்ன சொல்லுவா? டிரமடால் கலந்த மாத்திரையை எழுதிக் கொடுத்துட்டார். ரெண்டாம் நாள் ராத்திரி வலிப்பு வந்துடுச்சு. மாத்திரைதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது, தூண்டியிருக்கலாம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. மூணு வருஷம் கட்டிக் காத்த ரகசியம் ஒரே ராத்திரியில ஊருக்கே தெரிஞ்சுது. அப்புறம் நடந்த பஞ்சாயத்தை நான் எழுத விரும்பலை.

இதுல யாரைத் திட்டுவீங்க? டாக்டர் கேட்டார். அந்தப் பொண்ணுக்குப் பதில் தெரியும். சொல்ற சுதந்திரம்தான் இல்லை.

சட்டம் எப்பவோ மாறிடுச்சுங்க. 1976-ல கொண்டு வந்த திருத்தப்படி, அடிக்கடி வலிப்பு வர்றவங்களுக்குக் கல்யாணம் செய்யத் தகுதி இல்லைன்னு இந்துத் திருமணச் சட்டத்துல இருந்துச்சு. வலிப்புங்கற அந்த வார்த்தையை 1999 டிசம்பர்ல தூக்கிட்டாங்க. கால் நூற்றாண்டுக்கு மேல ஆச்சு. இன்னும் தரகர் கொண்டு வர்ற ஜாதகத்துக்குப் பின்னாடி "பொண்ணுக்குக் காக்கா வலிப்பு எதுவும் இல்லையே?"ன்னு கிசுகிசுக்கத்தான் செய்யறோம். ரோட்ல ஒருத்தர் விழுந்தா இன்னும் சாவிக்கொத்தைத் தேடுறோம். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி உலகத்துல சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு இருக்கு. சரியா மருந்து எடுத்தா அவங்கள்ல 70 சதவீதம் பேர் வரைக்கும் வலிப்பே இல்லாம வாழ முடியும். சுகரைக் காபிக்கடையில சத்தமாச் சொல்ற ஊரு இது. "எனக்குச் சக்கரை வேணாம், முன்னூறு இருக்கு"ன்னு பெருமையாக்கூடச் சொல்லுவோம் :-) இதுக்கு மட்டும் ஏன் வைட்டமின் டப்பா?

இந்த மனசு மாறட்டும்னு காத்துக்கிட்டு இருந்தா அதுக்குள்ள எத்தனை பல் பிடுங்கணுமோ! அதனால இன்னைக்கே செய்யக் கூடிய சில விஷயங்கள் சொல்றேன்.

வியாதி பேரைச் சொல்லக் கூச்சமா இருந்தா மாத்திரை பேரைச் சொல்லுங்க. "எப்டாயின் 100 சாப்பிடுறேன், இதோட சேருமா?" அவ்வளவுதான். வாயால சொல்ல முடியாட்டி காலி அட்டையை பர்ஸ்ல வச்சிருந்து எடுத்து நீட்டுங்க. கார்பமாசெபினை முக நரம்பு வலிக்கும் கொடுக்கறாங்க, வால்ப்ரோயேட்டை ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கறாங்க. பக்கத்துல நிக்கிற மாமியாருக்கு ஒண்ணும் புரியாது. டாக்டருக்குப் புரிய வேண்டியது புரிஞ்சுடும்.

கடையில வெட்டிக் கொடுக்கிற மாத்திரையில பேர் இருக்கிற பக்கமா வெட்டித் தரச் சொல்லுங்க. பில்லும் கேளுங்க. கவர்ல இருக்கிறது என்னன்னு தெரியாம வாயில போடாதீங்க.

கடைக்காரங்களுக்கும் டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1948-ம் வருஷத்து ஃபார்மசி சட்டப்படி சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டியவர் பதிவு பெற்ற ஃபார்மசிஸ்ட். சுவத்துல சர்டிஃபிகேட் மட்டும் தொங்கினாப் போதாது. "சுகர், பிரஷர் இருக்கா"வோட "தினமும் வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க"ன்னும் கேளுங்க. பொம்பளைங்க வந்தா, கூட வந்தவங்களை ஒரு நிமிஷம் வெளிய உட்காரச் சொல்லிட்டுக் கேளுங்க. காசு செலவில்லாத சிகிச்சை அது.

வீட்ல இருக்கறவங்களுக்குச் சொல்ல எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. உங்க மருமகளோ மாப்பிள்ளையோ ஒரு மாத்திரையை உங்களுக்குத் தெரியாம முழுங்குறாங்கன்னா, அந்த வீட்ல அவங்களுக்கு உங்க மேல பயம்னு அர்த்தம். அந்த பயத்துக்கு எந்த மெடிக்கல் ஷாப்லயும் மாத்திரை கிடையாது. நீங்கதான் போக்கணும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதைப் படிச்சுட்டு யாரும் தானா மருந்தை மாத்தவோ நிறுத்தவோ வேண்டாம். இதுல இருக்கிற பேர்களை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி, உங்க டாக்டர்கிட்ட "எனக்கு இதுல எது ஆகும், எது ஆகாது?"ன்னு அடுத்த தடவை போகும்போது கேட்டு வச்சுக்கோங்க. வலிப்பு 5 நிமிஷத்துக்கு மேல நீடிச்சா சாவிக்கொத்து தேடாம 108-க்குக் கூப்பிடுங்க.