பயத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

"ஆபரேஷன்" என்ற வார்த்தைக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. டாக்டர் வாயிலிருந்து வரும்போது அது ஐந்தே எழுத்து. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ராத்திரி விளக்கை அணைத்ததும் அது மலையாக வளர்ந்து கட்டிலருகே நிற்கும்!

போன மாதம் பெருமாள்மலையிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் என் மேஜைக்கு வந்தது. நாலே வரிதான். "இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேதியும் குறித்தாயிற்று. எல்லோரும் 'தைரியமாய் இரு' என்கிறார்கள். அந்தத் தைரியம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று நீங்களாவது எழுதக் கூடாதா?"

கடையின் விலாசம் எனக்கு மட்டும் தெரியுமா என்ன? ஆனாலும் அடுத்த வாரமே கொடைக்கானலுக்குப் போகும் வேலை ஒன்று வந்தது. வத்தலக்குண்டிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பஸ், பழனிச் சாலை வந்து சேரும் முக்கில் நின்றதும் இறங்கிவிட்டேன். மூடுபனி விலகி, பெருமாள் மலையின் சிகரம் பாதி தெரிந்தது. டீக்கடையில் விசாரித்ததில் வீடு கிடைத்தது. சாலையிலிருந்து முப்பத்திரண்டு படி மேலே.

அந்த அம்மாளுக்கு அறுபத்திரண்டு வயது. வாசலிலேயே, "முப்பத்திரண்டு படி, எண்ணினீங்களா?" என்று கேட்டார். "முன்னெல்லாம் படி இருக்கிறதே தெரியாதும்மா. ரெண்டு வருஷமா எண்ணிக்கிட்டேதான் ஏறுறேன்."

காப்பி வந்தது, சொந்தத் தோட்டத்துக் கொட்டை. பேச்சு மெதுவாக ஆரம்பித்தது. கோயிலுக்குப் போவதில்லையாம். சந்தைக்குப் போவதில்லையாம். சீரியல் கூடப் பார்க்கப் பிடிக்கவில்லையாம். "சமையலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவேன். தண்ணிச் சத்தத்துல வெளியே கேக்காது." பிறகு பீரோவைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். எந்த வளையல் பெரிய மகளுக்கு, எந்தச் சங்கிலி மருமகளுக்கு என்று எழுதி மடித்து வைத்திருந்தார். வீட்டுக்காரருக்குத் தெரியாதாம்.

சகோதரிகளே, இப்படி ஒரு காகிதம் எத்தனை பீரோக்களில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறதோ!

அன்று நாங்கள் இருவரும் ஒரு காரியம் செய்தோம். பேரனுடைய பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, பயங்களை ஒவ்வொன்றாக எழுதினோம். "பயமாயிருக்கு" என்று மொத்தமாகச் சொன்னால் அதற்குப் பதில் கிடையாது. "எதற்குப் பயம்?" என்று கேட்டுப் பிரித்து எழுதினால், ஒவ்வொன்றும் ஒரு கேள்வியாகிவிடுகிறது. கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் உண்டு.

முதலில், என்னதான் செய்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா? நம் ஆட்டுக்கல்லை நினைத்துக் கொள்ளுங்கள். தொடை எலும்பின் உருண்டைத் தலைதான் குழவி; இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம்தான் குழி. இரண்டுக்கும் நடுவே வழவழப்பான குருத்தெலும்பு இருக்கும் வரை குழவி சத்தமில்லாமல் சுழலும். அது தேய்ந்து போனால் கல்லும் கல்லும் உரசுகிற கதைதான். ஆபரேஷனில் தேய்ந்த தலையை எடுத்துவிட்டு, உலோகத் தண்டில் பொருத்திய புதுத் தலையை வைக்கிறார்கள். குழிக்கும் புதுக் கிண்ணம். சாதாரணமாக ஒன்று முதல் இரண்டு மணி நேர வேலை. இது கிழவிகளின் வியாதி என்றும் நினைக்க வேண்டாம். எலும்புத் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று போய், முப்பது நாற்பது வயதிலேயே இந்தச் சிகிச்சைக்கு வருகிறவர்கள் நம் தேசத்தில் நிறைய உண்டு.

நோட்டுப் புத்தகத்தின் முதல் கேள்வி: "மயக்கம் தெளியாமலே போயிட்டா?"

இந்தச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப் போகச் செய்கிறார்கள். வேண்டுமானால் லேசாகத் தூங்கவும் மருந்து தருவார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மூட்டுத் தேய்மானத்துக்காக இந்த ஆபரேஷன் செய்து கொண்ட நான்கு லட்சம் பேருக்கு மேல் கணக்கெடுத்தார்கள். ஆபரேஷனுக்குப் பின் 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் 2003இல் ஆயிரத்துக்கு ஐந்தாறு பேர். 2011இல் அது மூன்று பேராகக் குறைந்துவிட்டது. அது அந்த ஊர்க் கணக்கு. சர்க்கரை, ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு உள்ளவர்களுக்குக் கணக்கு மாறும். ஆகவே, "எனக்கு எவ்வளவு ஆபத்து? குறைக்க நான் என்ன செய்யலாம்?" என்று மயக்க மருந்து டாக்டரிடம் நேரே கேளுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வருவது, ரத்த சோகையைச் சரி செய்வது, சொத்தைப் பல்லையும் தோல் புண்ணையும் முன்னதாகவே கவனிப்பது, சாப்பிடும் மருந்துகளை ஒன்று விடாமல் சொல்வது, இவையெல்லாம் நம் கையில் இருக்கும் காரியங்கள். ஒரு காரியத்தைச் செய்து கொண்டிருக்கும்போது பயத்துக்கு உட்கார இடம் குறைந்துவிடும்.

இரண்டாவது கேள்வி: "வலி தாங்குவேனா?"

இங்கே ஒரு பழைய சமாசாரம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், வயிற்றில் ஆபரேஷன் செய்து கொள்ள இருந்த 97 பேரை மயக்க மருந்து டாக்டர்கள் இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினரிடம் முதல் நாள் இரவு உட்கார்ந்து, "வலி இந்த இடத்தில் இருக்கும், இத்தனை நாள் இருக்கும், இது சகஜம், இப்படி மூச்சு விடுங்கள், இப்படித் திரும்பிப் படுங்கள்" என்று விளக்கினார்கள். மறு பிரிவினருக்கு வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லப்பட்டவர்களுக்கு, பின்னால் வலி மருந்து பாதியளவே தேவைப்பட்டது. சராசரியாக இரண்டே முக்கால் நாள் முன்னதாக அவர்களை வீட்டுக்கு அனுப்பலாம் என்ற நிலை வந்தது. 1964இல் வெளியான ஆராய்ச்சி இது. செலவு? ஒரு டாக்டரின் கொஞ்ச நேரப் பேச்சு!

பின்னால் வந்த ஆராய்ச்சிகள் எல்லாம் இவ்வளவு பெரிய பலனைக் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் தெரிந்த வலிக்கும் தெரியாத வலிக்கும் உள்ள வித்தியாசம், பிள்ளை பெற்ற நமக்குத் தெரியாததா? இரண்டாவது பிரசவத்துக்குப் போகிறவளின் முகத்தைப் பார்த்தால் போதுமே.

ஆனால் தெரிந்து கொள்வது வேறு, வேண்டாததைப் பார்ப்பது வேறு. இந்த அம்மாளின் பிள்ளை நல்லெண்ணத்தோடுதான் யூடியூபில் அந்த ஆபரேஷனைக் காட்டியிருக்கிறான். சுத்தியல் சத்தத்தைக் கேட்டதிலிருந்து அவருக்கு மூன்று ராத்திரி தூக்கமில்லை! கல்யாணச் சாப்பாட்டை ரசிக்கப் போகிறவர்கள் அடுப்பங்கரையை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

மூன்றாவது: "புது மூட்டு எத்தனை நாள் உழைக்கும்?"

இன்றைய மூட்டுக்கு மூலபுருஷர் ஜான் சார்ன்லி என்ற ஆங்கில டாக்டர். முதலில் டெப்லான் என்ற வழுக்கும் பொருளில் கிண்ணம் செய்து வைத்தார். அது சீக்கிரமே தேய்ந்து, பலருக்கு மறுபடியும் ஆபரேஷன் செய்ய நேர்ந்தது. மனிதர் சோர்ந்து ஒதுங்கிவிடவில்லை. அந்தப் பொருளையும், புதிதாகக் கிடைத்த பாலிதீன் வகை ஒன்றையும் தம் தொடைக்குள்ளேயே வைத்துப் பார்த்தார்! பாலிதீன் தொந்தரவு தரவில்லை. 1962 நவம்பரில் அதையே நோயாளிகளுக்கு வைக்கத் தொடங்கினார். 2019இல் பல நாட்டுக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்ததில், நூறு மூட்டுகளில் சுமார் 58, இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் உழைத்திருக்கின்றன.

நமக்குப் பக்கத்து பர்மாவிலும் ஓர் அதிசயம் நடந்தது. 1960இல் மாந்தலே ஆஸ்பத்திரியில் டாக்டர் சான் பா, தந்தத்தில் கடைந்த மூட்டுத் தலையை 83 வயதுப் பௌத்த பிக்குணி ஒருவருக்குப் பொருத்தினார். பிறகு அதே போல் முந்நூறு பேருக்கு மேல் பொருத்தினார். இதைக் கேட்டதும் அந்த அம்மாள், "எண்பத்திமூணா!" என்று கேட்டுவிட்டு, அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

நாலாவது கேள்வியை எழுதுவதற்கு வெகு நேரமாயிற்று. பென்சிலை வைத்துக் கொண்டு சும்மா இருந்தார். கடைசியில், "சாவுக்குக்கூடப் பயமில்லைம்மா. பாத்ரூமுக்குக்கூட ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கிட்டுப் போகணுமே, அதுதான்" என்றார்.

இதுதான் அடியில் கிடந்த பயம். வாழ்நாளெல்லாம் பிறருக்குப் பரிமாறிய பெண்களுக்கு, தங்களுக்கு ஒருவர் பரிமாறுவது பெரிய தண்டனையாகத் தோன்றுகிறது. ஆனால் இந்தத் தண்டனைக் காலம் குறுகியது. இப்போதெல்லாம் அநேகமாக அன்றோ மறுநாளோ வாக்கரைப் பிடித்து நடக்க வைத்துவிடுகிறார்கள். பிறகு கைத்தடி. முதல் சில வாரங்கள்தான் ஒத்தாசை அதிகம் வேண்டியிருக்கும். அதற்கு வீட்டை முன்கூட்டியே தயார் செய்துவிட்டால் பாதிப் பாரம் குறையும்.

நாங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். தாழ்வான கட்டிலுக்கு அடியில் பலகை வைத்து உயர்த்த வேண்டும். டாக்டர் அனுமதிக்கும் வரை தரையில் உட்காருவதும், குந்துவதும், சப்பணமிடுவதும் கூடாது. ஆகவே உயரமான கழிப்பிடம் அல்லது அதற்கான நாற்காலி வேண்டும். கால் தடுக்கும் மிதியடிகளைச் சுருட்டி வைக்க வேண்டும். அடிக்கடி எடுக்கும் பாத்திரங்கள் இடுப்பு உயரத்துக்கு வர வேண்டும். முப்பத்திரண்டு படிக்கும் ஒரு பக்கம் கம்பி போட வேண்டும். படிக்கு ஒரு சூத்திரம் உண்டு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். பிஸியோதெரபிஸ்டிடம் இதை ஆபரேஷனுக்கு முன்பே பழகிக் கொள்ளலாம். தொடைத் தசைக்கான பயிற்சிகளையும் அப்போதே தொடங்கலாம்.

பணக் கவலையும் பயத்தின் தங்கைதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கார்டு உள்ளவர்கள், எந்த ஆஸ்பத்திரியில், எவ்வளவு கிடைக்கும் என்று முன்னதாகவே விசாரித்துவிட வேண்டும். வைக்கப் போகும் மூட்டின் விவரம் எழுதிய சீட்டையும் மறக்காமல் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

நாங்கள் படியை அளந்து கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "கேட்டா அழுவாளோன்னு நான் கேக்கலைங்க" என்றார். அம்மாள், "சொன்னா நீங்க பயப்படுவீங்கன்னு நான் சொல்லலை" என்றார். இரண்டு வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருவரும் தனித்தனியே பயந்து கொண்டிருந்திருக்கிறார்கள்!

ஆகையால் வீட்டிலுள்ளவர்களுக்கு ஒரு விண்ணப்பம். "பயப்படாதே" என்று சொல்லாதீர்கள். அந்த வார்த்தை பயத்தைப் போக்குவதில்லை, வாயைத்தான் மூடுகிறது. "எதுக்குப் பயமாயிருக்கு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

மனச் சோர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராப்பகலாக வலி, தூக்கமில்லை, வெளியே போக்குவரத்தில்லை என்றால் எந்த மனம்தான் வாடாது? அது கோழைத்தனம் அல்ல. வலி நீங்கியதும் பலருக்கு மனமும் தெளிந்துவிடுகிறது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே பிடிப்பில்லாமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டு, "இருந்து என்ன பயன்?" என்ற எண்ணம் வருமானால், அதை மூட்டு டாக்டரிடமே சொல்லுங்கள். சர்க்கரையைச் சொல்லுகிறீர்கள், இதைச் சொல்லக் கூடாதா? 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்ற அரசாங்க மனநல உதவி இரவு பகலாக உண்டு. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

நான் புறப்படும்போது அம்மாள் இன்னொரு கேள்வியை எழுதினார்: "ஜன்னல் ஓரக் கட்டில் கிடைக்குமா?" எழுதிவிட்டு வெட்கப்பட்டார். வெட்கப்பட என்ன இருக்கிறது? ரோஜர் அல்ரிச் என்பவர் 1984இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களை விடச் சுமார் முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். 46 பேரை மட்டுமே பார்த்த சிறிய ஆராய்ச்சிதான். ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

பீரோவில் இருந்த காகிதத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை நான். எழுதி வைத்ததில் தப்பில்லை. ஆனால் அது இப்போது நோட்டுப் புத்தகத்துக்குள் இருக்கிறது, வீட்டுக்காரரும் படித்துவிட்டார்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் வாரத்தில் அந்த அம்மாள் மலையிறங்கி மதுரையில் இருப்பார். பயம் அடியோடு போய்விட்டதா என்றால், இல்லை. புறப்படுவதற்கு முன் போனில் சொன்னார்: "பயம் இருக்கும்மா. ஆனா இப்போ அது என்ன பயம்னு தெரியுது."

படிக்குக் கம்பி போட்டாகிவிட்டதாம்.