மினிமம் மெட்டீரியல் யாருக்கு?

ஆராய்ந்து கற்பதெல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு. அரசுப் பள்ளிப் பிள்ளையைப் பாடத்தின் கடைசியில் வரும் புக் பேக் கேள்விகளை உருப்போட வைத்து 35 மதிப்பெண்ணில் கரையேற்றுவதே சமூக நீதி. சென்ற இதழில் நண்பர் எழுதிய ஆறு பக்கங்களைப் பிழிந்தால் சொட்டுவது இவ்வளவுதான். சமூக நீதியை இதற்கும் துணைக்கு அழைக்கலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி.

தூத்துக்குடிப் பக்கம் அரசுப் பள்ளியில் இருபத்தாறு வருஷம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவன் நான். ஓய்வு பெற்றாயிற்று. எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டிய விவரம் எதுவும் பாக்கி இல்லை. ஆகவே நிதானமாகக் கோபப்பட நேரம் இருக்கிறது.

நண்பர் தன் பக்கத்துக்குப் பெரிய ஆட்களைக் கூட்டி வருகிறார். கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் எழுதிய கட்டுரை ஆராய்ந்து கற்றலைப் புதைத்துவிட்டதாம். மிகக் குறைந்த வழிகாட்டுதலோடு கற்பிப்பது ஏன் பலன் தருவதில்லை என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. குழந்தையைக் கிணற்றில் தள்ளிவிட்டு, 'நீச்சலை நீயே கண்டுபிடி' என்று கரையில் நிற்பது தப்பு என்கிறார்கள். யார் இல்லை என்றது? அவர்கள் செய்த பிழை, ஆராய்ந்து கற்றலையும் அந்தக் கிணற்றுக் கணக்கிலேயே எழுதிவைத்தது. மறு வருஷமே அதே ஆய்விதழில் மெலோ-சில்வர், டங்கன், சின் ஆகியோர் பதில் சொல்லிவிட்டார்கள்: ஒழுங்காக நடக்கும் ஆராய்ந்து கற்றலில் ஆசிரியரின் கை ஒவ்வொரு படியிலும் இருக்கிறது. வாதியின் மனுவை மட்டும் வாசித்துத் தீர்ப்பு எழுதும் நீதிபதியை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

அந்தக் கை எப்படி இருக்கும் என்று கேட்டால், ஒரு வகுப்பைச் சொல்கிறேன். ஆவி சுருங்குதல் பாடம். முந்தைய பருவத்திலேயே அதன் வரையறையை இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதி, அநேகமாக எல்லாரும் இரண்டும் வாங்கிய வகுப்பு அது. மீன்பிடித் துறையிலிருந்து ஒரு பையன் கவரில் ஐஸ் கொண்டுவந்தான். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஐஸைப் போட்டேன். எங்கள் ஊர்க் காற்றுக்குக் கேட்கவா வேண்டும், இரண்டு நிமிஷத்தில் டம்ளருக்கு வேர்த்துவிட்டது. வெளியே இருக்கும் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். நாற்பத்திரண்டு பேரில் முப்பது பேராவது சொன்னார்கள்: "உள்ள இருந்து கசியுது சார்."

நண்பர் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போக வேண்டும். அவர் கேட்கும் வரையறை அந்தப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருந்தது. எழுத்துப் பிழைகூட இல்லாமல் இருந்தது. டம்ளருக்கு முன்னால் அது வாயைத் திறக்கவில்லை.

'கசியுது', 'ஐஸ் புகை விடுது', 'காத்துல இருந்து வருது' என்று அவர்கள் சொன்ன மூன்றையும் பலகையில் எழுதினேன். எது சரி என்று சொல்லவில்லை. கசிகிறது என்றால் அதை எப்படிச் சோதிப்பது என்று மட்டும் கேட்டேன். பதில் வந்தது கடைசி பெஞ்சிலிருந்து. பதிவேட்டில் 'மெல்லக் கற்போர்' என்று நானே குறித்திருந்த பெண். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.

"ரோஸ்மில்க்க ஊத்துங்க சார். கசிஞ்சா வெளியவும் ரோஸாத்தான இருக்கணும்?"

பல்கலைக்கழகத்தில் இதற்குத் தடங்காட்டி என்று பெயர் வைத்துத் தனி வகுப்பே எடுப்பார்கள். ரோஸ்மில்க் வந்தது. வெளியே முத்து முத்தாகப் பூத்த துளியை வெள்ளைத் தாளில் ஒற்றினோம். தாளில் நிறமே ஏறவில்லை. இன்னொருவன் ஐஸ் போடாத டம்ளரையும் பக்கத்தில் வைக்கச் சொன்னான். அடுத்த நாள் மளிகைக் கடைத் தராசை இரவல் வாங்கி, டம்ளரை மூடியோடு நிறுத்தோம். சற்று நேரத்தில் இரண்டு கிராம் கூடியிருந்தது. கசிந்து வெளியே ஒட்டியிருந்தால் எடை ஏன் கூடுகிறது? அதற்குப் பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். கண்ணுக்குத் தெரியாத நீராவி என்று ஒன்று காற்றில் இருப்பதை எந்தப் பிள்ளையும் டம்ளரைப் பார்த்துக்கொண்டே கண்டுபிடித்துவிடாது. அதைச் சொல்லத்தான் ஆசிரியர். சொல்வதற்கு ஒரு நேரம் உண்டு, அவ்வளவே. 'மெல்லக் கற்போர்' குறிப்பை அன்று சாயங்காலம் அடித்துவிட்டேன்.

முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்குப் 'பின்புல அறிவு' கிடையாது என்பது நண்பரின் அடுத்த கண்டுபிடிப்பு. உப்பளத்தில் வேலை பார்க்கும் அம்மாவின் மகனைக் கேளுங்கள். உப்புநீரின் அடர்த்தி மானி 25 டிகிரி பக்கம் வந்தால் பாத்தியில் உப்பு விளையும் என்றும், மிஞ்சும் கசப்புத் தண்ணீரை ஏன் வெளியேற்றுகிறார்கள் என்றும், ஒரு மழை பெய்தால் எத்தனை நாள் கூலி போகும் என்றும் சொல்வான். தெவிட்டிய கரைசலில் கால் புதைய நடந்த பிள்ளை அவன். அவனுக்குப் பின்புல அறிவு இல்லை என்று சொல்பவரின் பின்புலத்தைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

ஏழை மாவட்டத்தில் இதெல்லாம் நடக்காது என்கிறார். நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் கிஷோர் பாரதியும் ரசூலியாவின் ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டரும் இப்படியோர் அறிவியல் திட்டத்தைத் தொடங்கிவைத்தன. 1978இல் மாவட்டம் முழுதும் பரவியது. 1982க்குப் பின் ஏகலவ்யா அமைப்பு எடுத்து நடத்தியது. படித்தவர்கள் விவசாயிகளின், பழங்குடியினரின் பிள்ளைகள். விலை மலிந்த ஒரு கிட் பெட்டி. 'பால் வைக்ஞானிக்' என்ற பாடநூலில் கேள்விகளும் சோதனைகளும் இருந்தன, விடைகளைப் பிள்ளைகள்தான் எழுத வேண்டும். தேர்வுக்குப் புத்தகத்தைக் கொண்டுபோகலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. சந்தேகம் வந்தால் 'சவாலிராம்' என்ற கற்பனை மனிதருக்குக் கடிதம் போடுவார்கள், பதிலும் வரும். 2002இல் மாநில அரசு இதை நிறுத்தியதையே நண்பர் தோல்விக்குச் சான்றாகக் காட்டுகிறார். அரசு நிறுத்தியதெல்லாம் தோற்றவை, நடத்துவதெல்லாம் வென்றவை என்றால், பள்ளிக்கூடக் கழிப்பறைகளைப் பற்றியும் அவர் ஒரு கட்டுரை எழுதலாம்.

மனப்பாட வழி என்ன சாதித்தது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பீசாவின் 2009 பிளஸ் தேர்வில் இந்தியாவிலிருந்து கலந்துகொண்டவை தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும். அறிவியலில் நம் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் சராசரி 348. ஓஈசிடி நாடுகளின் சராசரி 501. பட்டியலில் நமக்குக் கீழே தேடித்தான் ஆள் பார்க்க வேண்டும். செயல்வழிக் கற்றல் கெடுத்துவிட்டது என்று சொல்லவும் வழியில்லை. அது மாநிலமெங்கும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த 2007-08இல் இந்தப் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியைத் தாண்டிவிட்டிருந்தார்கள். நண்பர் பரிந்துரைக்கும் கஷாயத்தையே குடித்து வளர்ந்தவர்கள்.

பீசா 2015ஐ அவர் எடுத்துக் காட்டியது நியாயம்; ஆராய்ச்சி வகுப்பு அடிக்கடி நடப்பதாகச் சொன்ன மாணவர்களின் மதிப்பெண் குறைவாகத்தான் இருந்தது. மாணவர்களிடம் தந்த கேள்விப் படிவம் கேட்டது எத்தனை தடவை என்று. எப்படி என்று அல்ல. உருப்படாத வகுப்பு எத்தனை தடவை நடந்தாலும் உருப்படாதுதான். நானே நடத்தியிருக்கிறேன். குழுவாக உட்காரவைத்து சார்ட் ஒட்டச் சொல்வேன்; முதல் பெஞ்சுப் பையன் எல்லாவற்றையும் செய்வான், மற்ற ஐந்து பேர் பசையில் விரலை ஒட்டி விளையாடுவார்கள். அங்கே கற்றவன் ஒருவன். அதற்கு மருந்து கரும்பலகையைப் பார்த்துக் கோரஸாக ஒப்பிப்பது இல்லை. ஒவ்வொரு குழுவிலும் யார் அளப்பது, யார் எழுதுவது, யார் மறுத்துப் பேசுவது என்று முறை வைத்து மாற்ற வேண்டும். எழுத வராதவள் படம் போடலாம், தன் பேச்சுத் தமிழிலேயே சொல்லலாம். 1998இல் ஒயிட்டும் ஃபிரெடெரிக்சனும் அமெரிக்க நகர்ப்புறப் பள்ளிகளில் இதற்கு நெருக்கமான ஒன்றைப் பார்த்தார்கள். தங்கள் ஆராய்ச்சியைத் தாங்களே எடைபோடப் பழக்கியபோது மிகுதியாக முன்னேறியவர்கள், முன்பு பின்தங்கியிருந்த பிள்ளைகள்.

நண்பரின் பள்ளிக்கூடத்தில் செய்முறை எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும், நாம் எல்லாரும் அதில் படித்தவர்கள்தான். தனி ஊசல். ரெக்கார்டு நோட்டில் முதலில் விடை, 9.8, பிறகு அது வருகிற மாதிரி பின்னாலிருந்து ரீடிங். குண்டு ஆடியதா என்று கேட்பார் இல்லை. பொய்க் கணக்கு எழுதப் பழகிய பிள்ளைக்கு முழு மதிப்பெண்.

கடைசியாக அந்த 'மினிமம் மெட்டீரியல்'. தேறமாட்டார்கள் என்று முடிவு கட்டிய பிள்ளைகளுக்கு ஜனவரி வாக்கில் கொடுக்கும் நாற்பது பக்க ஜெராக்ஸ். முதலில் தகவல், ஆராய்ச்சி பிறகு என்கிறார் நண்பர். அந்தப் 'பிறகு' எந்த வகுப்பில் வருகிறது என்று ஆறு பக்கத்திலும் தேடினேன். பத்தாம் வகுப்போடு உப்பளத்துக்குப் போகிறவனுக்கு அது எப்போது வரும்? தன் பேரப் பிள்ளைக்கு ரோபோ வகுப்பில் பணம் கட்டியிருப்பதாக அவரே ஓர் இடத்தில் வாய் தவறிச் சொல்லிவிடுகிறார். அந்தக் குழந்தைக்கும் நாற்பது பக்க ஜெராக்ஸ் போதாதா?

நண்பர் எந்த வியாழக்கிழமையும் வரட்டும், பழைய மாணவன் ஒருவன் இப்போது அதே வகுப்பை எடுக்கிறான், சொல்லிவைக்கிறேன். டம்ளர் அங்கே இருக்கிறது. ரோஸ்மில்க் செலவு என்னுடையது.