வீண் என்று சொல்லலாமா?

"ஒன்று இருக்க இன்னொன்று எதற்கு?" என்பது நம் வீடுகளில் நாள்தோறும் கேட்கும் கேள்வி. சிக்கனம் நல்ல குணமே. ஆயினும் உயிர்களின் வரலாற்றைப் படிக்கும்போது, ஒன்று இருக்க இன்னொன்றும் இருந்ததால்தான் நாம் இன்று மனிதராய் நிற்கிறோம் என்று அறிந்து வியக்கிறோம்.

நம் உடல் எப்படி அமைய வேண்டும், எப்படி இயங்க வேண்டும் என்ற குறிப்புகள் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் உள்ளன. ஒரு குறிப்பை மரபணு என்கிறோம். குறிப்புகள் அனைத்தும் அடங்கிய முழு நூலே மரபணுத் தொகுதி. நம் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகளும், புரதங்களை உண்டாக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000-மும் உள்ளன. தலைமுறை தலைமுறையாக இந்நூல் படியெடுக்கப்பட்டு வருகிறது. எப்போதாவது ஒரு பக்கம் இருமுறை படியாகிவிடும். மிக அரிதாக முழு நூலுமே இரட்டித்துவிடும்.

1970-ஆம் ஆண்டில் சுசுமு ஓனோ என்னும் அறிஞர் இதைப்பற்றி ஒரு நூல் எழுதினார். ஜப்பானிய மரபில் வந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்தவர் அவர். அவருடைய வாதம் எளியது. முக்கியமான ஒரு மரபணு ஒன்றே ஒன்றாக இருந்தால், அதில் நேரும் பெரிய மாற்றம் உயிருக்கே கேடாகலாம். ஆகவே பழைய வடிவமே நிலைக்கும். அம்மரபணு தன் அன்றாட வேலையை விட்டு அசைய முடியாது. இரண்டு படிகள் இருந்தாலோ, ஒன்று வேலையைக் கவனிக்க, மற்றொன்று மாறலாம். அம்மாற்றத்தில் சிலவேளை புதிய ஆற்றல் பிறக்கும். முதுகெலும்புள்ள உயிர்களின் முன்னோரில் முழுத் தொகுதியே இரட்டித்திருக்க வேண்டும் என்றும் அவர் கருதினார்.

பின்வந்த ஆராய்ச்சிகள் இக்கருத்துக்கு வலுவூட்டின. கடல் மணலில் புதைந்து வாழும் ஆம்பியாக்சஸ் என்னும் சிற்றுயிருக்கு முதுகெலும்பு இல்லை. அதன் மரபணுத் தொகுதி 2008-இல் வெளியிடப்பட்டது. தலை முதல் வால் வரை எது எங்கே அமைய வேண்டும் என்று வகுக்கும் 'ஹாக்ஸ்' மரபணுக்கள் அதற்கு ஒரே கொத்தாக உள்ளன. மனிதனுக்கும் எலிக்குமோ நான்கு கொத்துகள்! ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காயிற்று. இவ்விரு இரட்டிப்புகளும் சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தவை என்பர். இன்று நாம் காணும் பெரும்பாலான மீன்களின் முன்னோரில் மூன்றாம் முறையும், சால்மன் குடும்பத்தில் நான்காம் முறையும் இரட்டிப்பு நடந்துள்ளது.

நம் இரத்தத்தையே பார்ப்போம். ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஆல்பா, பீட்டா என்னும் இருவகைப் புரதச் சங்கிலிகள் உண்டு. இரண்டும் ஒரே பழைய மரபணுவின் படிகளிலிருந்து வந்தவை. பீட்டாவுக்கு உறவான காமா என்னும் இன்னொரு படி, கருவிலிருக்கும் குழந்தைக்காக வேலை செய்கிறது. அதனால் அமையும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பற்றுவதால், தாயின் இரத்தத்திலிருந்து சேய் தனக்கு வேண்டியதைப் பெறுகிறது. பிறந்த சில மாதங்களில் பீட்டா அவ்விடத்தை ஏற்றுக்கொள்கிறது. இத்தகைய மிகுதிப் படியை வீண் என்று யார் சொல்வார்?

எனினும் ஒன்றை மறைக்கலாகாது. மிகுதியாக உண்டாகும் படிகளில் பெரும்பாலானவை காலப்போக்கில் சிதைந்து மறைகின்றன. மூன்றாம் இரட்டிப்புக்குப் பின் எட்டு ஹாக்ஸ் கொத்துகள் இருக்க வேண்டிய வரிக்குதிரை மீனில் ஏழே எஞ்சியுள்ளன. தொகுதி பெரிதாக இருப்பதாலேயே உயிர் உயர்ந்ததாகிவிடுவதும் இல்லை. சமையலுக்கு அரியும் வெங்காயத்தின் தொகுதி நம்முடையதைப்போல் சுமார் ஐந்து மடங்கு! ஆகவே அளவு பெரிதன்று. கிடைத்த இடத்தில் புதியது விளைகிறதா என்பதே பெரிது.

இதைப் படிக்கும்போது பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு ஓர் எண்ணம் தோன்றுகிறது. அரசுப் பொதுத்தேர்வு நெருங்க நெருங்க, நூலக வகுப்பும் தையல் வகுப்பும் விளையாட்டு வகுப்பும் ஒவ்வொன்றாய்த் திருப்புதலுக்குப் போய்விடுகின்றன. வீட்டில் மூத்த பெண் என்றால் பாத்திரம் துலக்குவதும் தம்பி தங்கையரைக் கவனிப்பதும் அவள் பொறுப்பே. ஒரே வேலையில் கட்டுண்ட மரபணுவைப் போல் நாங்களும் அசைய இடமின்றி இருக்கிறோம். பாடத்தைப் பிழையின்றி ஒப்பிக்கிறோம், "ஏன்?" என்று கேட்கத்தான் நேரமில்லை.

இயற்கை இதையெல்லாம் எண்ணிச் செய்கிறது என்று நாங்கள் கூற வரவில்லை, ஒப்புமையே கூறுகிறோம். "நேரம் கொடுத்தால் வீணாக்குவார்கள்" என்று பெரியோர் அஞ்சுவதும் எங்களுக்குப் புரிகிறது. சில மணி நேரம் வீணாகவும் கூடும். பல படிகள் மறைந்தாலும் சில நிலைத்ததால்தானே நம் இரத்தம் ஓடுகிறது!

பாடத்திலிருந்து விடுதலை கேட்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். முதற்படி தன் கடமையை விடாததால்தான் இரண்டாம் படி மாற முடிந்தது. எங்கள் கடமையை நாங்கள் செய்வோம். அருட்சகோதரிகளிடம் நாங்கள் கேட்பது வாரத்தில் ஒரு நூலக வகுப்பு. பெற்றோரிடம் கேட்பது நாளுக்கு அரைமணி நேரம். அந்த நேரத்திற்கு மட்டும் மதிப்பெண் கேட்காதீர்கள்.

தோழியரே, அந்த நேரம் கிடைக்குமானால், பழையதை அப்படியே படியெடுப்பதோடு நில்லாமல், நமக்கென்று புதிய கேள்வி ஒன்றையேனும் எழுப்புவோமாக!