மூன்று நாள் வாய்ப்பூட்டு

வானூர்ப் பக்கம் ஒருவர் புதுப்படம் பார்த்துவிட்டு வந்தால், டீக்கடையில் நாலு பேராவது கேட்பார்கள். "ரெண்டாம் பாதி இழுவை, டிவியில பாத்துக்கலாம்" என்ற ஒரு பதில் போதும். மரக்காணம் உப்பளத்தில் விடியுமுன்னே இறங்கி உப்பு வாரும் குடும்பம், பஸ் ஏறிப் புதுச்சேரிக்கோ திண்டிவனத்துக்கோ போய்ப் படம் பார்க்க ஒரு நாள் கூலியையே செலவழிக்கிறது. விசாரிக்காமல் எப்படிப் போகும்?

2024 நவம்பரில் 'கங்குவா' படம் வெளியான கையோடு, திரையரங்க வளாகத்தில் ரசிகர்களிடம் கருத்துக் கேட்டு யூடியூப்காரர்கள் மைக் நீட்டக் கூடாது என்றது தயாரிப்பாளர் சங்கம். முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாதென்று தயாரிப்பாளர்களின் இன்னொரு சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போனது. கருத்துச் சுதந்திரத்தைச் சுட்டிக்காட்டி நீதிமன்றம் மறுத்தது. சரியான முடிவு. காசு வாங்கிக்கொண்டு திட்டுவதும், நடிகரின் குடும்பத்தை வசைபாடுவதும் அயோக்கியத்தனம். அதைத் தனியே தண்டிக்கலாம். ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'லப்பர் பந்து' வாரக்கணக்கில் ஓடியது எதனால்? பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொன்னதால்தான். அந்த வாய் பாராட்டும்போது இனிக்கிறது, குறை சொன்னால் மட்டும் கசக்கிறதா? வெள்ளிக்கிழமை வெளியாகும் படத்துக்கு, கூலிக்காரர் குடும்பத்தோடு போக வாய்க்கும் ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்று நாளுக்குள்தானே வருகிறது.