வாயிற்படியும் சாய்தளமும்

நவாப் வாலாஜா முகம்மது அலியின் வாசஸ்தலமாக 1768-இல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால், 2012 ஜனவரியில் தீக்கிரையாகி, பின்னர் சுண்ணாம்புக் காரை கொண்டு செப்பனிடப்பெற்று, இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு இடமளித்து நிற்பது, இடிப்பதே சுலபம் என்போருக்குப் பிரத்தியட்சப் பிரமாணம்.

ஆயினும், புராதன மாளிகைகளைப் பொதுக் காரியாலயமாகவும் சபா மண்டபமாகவும் மாற்றுகையில், வாயிற்படியின் அழகில் மனம் லயித்து, அதன் முன்னே சக்கர நாற்காலியோடு நின்றுவிடும் பிரஜையை மறத்தல் அதர்மம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளச் சாய்தளமும், பற்றி ஏற இருபுறமும் கைப்பிடியும் அமைப்பதற்குப் பழைய படிக்கல்லைப் பெரும்பாலும் பெயர்க்க வேண்டுவதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பொதுக் கட்டடங்களில் இவ்வசதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இனிச் சீரமைக்கும் ஒவ்வொரு மாளிகையின் முதல் வரைபடத்திலேயே அச்சாய்தளத்தைச் சேர்க்குமாறு பொதுப்பணித் துறையை வேண்டுகிறோம்.